வலை கிழியாத ஓட்டை

சயான் கோலிவாடாவில் எங்கள் அறை
பத்துக்குப் பன்னிரண்டு.
அதற்கு மேல் நிமிர முடியாத இன்னொன்று,
பொட்மாளா என்பார்கள் இங்கே.
இரும்பு ஏணியில் ஏழு படி ஏறினால்
நான் படுக்கும் இடம்.

ஜூன் மாதத்து முதல் மழைக்குச்
சாக்கடையிலிருந்து ஏறி வந்தவர்கள்
முன்பணம் தராமலே குடிபுகுந்தார்கள்.
இரவு ஒரு மணிக்கு மேல்
தலைமாட்டில் யாரோ பொரி தின்னும் சத்தம்.

தின்றது பழைய கரண்ட் பில்லை.
பச்சை ரெக்சின் பையில் வைத்திருந்தேன்,
அளவெடுக்க வருகிறவர்கள் கேட்டால்
இங்கேதான் இருந்தோம், அப்போதே இருந்தோம் என்று நீட்ட.
பெயரை எலி விட்டுவிட்டது.
இன்னாசியம்மாள் ராயப்பன், ஓர் எழுத்துக் குறையாமல்.
தொகைகூட இருக்கிறது, நாற்பத்தேழு ரூபாய் முப்பது பைசா.
தேதி இருந்த மூலையைத்தான் காணோம்.

காட்கோபரில் ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதுகிறேன்,
எதை எதனால் அடைப்பது என்று தெரியாதவளா?
துணி திணித்தால் அதற்கு மெத்தை.
இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்ட் பூச வேண்டும்.
எலியை விரட்டுகிறேன் என்று பச்சை விளக்கோடு
ஒரு மெஷின் விற்கிறோம்,
எதையும் விரட்டாது என்று பில் போடும் எனக்குத் தெரியும்.
பசை அட்டையும் உண்டு.
போன வருடம் ஒன்று வாங்கினேன்.
விடியும்வரை கத்தியது.
அதற்குமேல் கேட்காதீர்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
தலையில் துண்டு கட்டி
டார்ச்சும் துடைப்பமுமாய் ஏறினேன்.
முதலில் ஒட்டடை.
சிலந்திமேல் எனக்குத் தனிக் கோபம்,
தூக்கத்தில் கழுத்தில் இறங்கியிருக்கிறது ஒருமுறை.
துடைப்பத்தை ஓங்கியவள்
ஓட்டைகளை எண்ண நிறுத்தினேன்.

ஐந்து.
நான்கின் வாயில் நூல் கட்டியபடியே இருந்தது,
தூசி படிந்து, ஒரு கொசுவின் கால் தொங்கி.
பல நாளாய் யாரும் கடக்காத வாசல்.
ஐந்தாவதில் மட்டும் அறுந்த இழை இரண்டு
காற்றில் ஆடின.
விளிம்பு பிசுக்கேறிக் கறுத்திருந்தது
பஸ்ஸில் எல்லோரும் பிடிக்கும் கம்பி போல.

அதற்கு அந்தப் பக்கம் குசும் தோத்ரேயின் மாளா.
தண்ணீர்ப் பைப் தகராறில்
நானும் அவளும் பேசி மூன்று கணபதி ஆயிற்று.
என் பக்கம் மட்டும் அடைத்தால்
எல்லாம் அவள் பக்கம் தங்கும்.
அடைத்திருப்பேன், ஒளிப்பானேன்.
சிமெண்டைக் குழைத்துவிட்டுக்
கடைசியாய் ஒருமுறை உள்ளே டார்ச் அடித்தேன்.
எதிரிலிருந்தும் ஒரு டார்ச் அடித்தது.

"கோண்?" என்றாள்.
என் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து
என்னை யாரென்று கேட்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் என் ஏணிக்குக் கீழே நின்றாள்,
கையில் முறம்.
முறத்தில் ஒரு கூடு.
அவள் பச்சை ரவிக்கையின் நூல், மகனின் பரீட்சைத் தாள்,
ஏதோ கல்யாணப் பத்திரிகையின் ஜிகினா,
நடுவில் என் பில்லின் இளமஞ்சள்.
கூடு வெதுவெதுப்பாய் இருந்தது.
குட்டிகள் எங்கே என்று நான் கேட்கவில்லை.
இருவரும் தரையில் உட்கார்ந்து
அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினோம்.
அவள்தான் கண்டெடுத்தாள்.
மார்ச் 199.
அதற்குப் பிறகு பல்.

இரும்பு நார் ஆளுக்குப் பாதி.
அவள் அங்கிருந்து, நான் இங்கிருந்து, ஒரே நேரத்தில்.
சுவருக்குள் இரண்டு கரண்டியும் உரசிய சத்தம்
நெருங்கி, கனத்து,
ஒரு கட்டத்தில் என் கரண்டி மட்டும் கேட்டது.
பைப்பைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

மற்ற நான்குக்குச் சிமெண்ட் போதவில்லை.
அங்கே நூல் இருக்கிறது, அறுந்தால் தெரிந்துவிடும்.
படுக்கும் முன் நான்கிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
பிறகு கழுத்தைத் துண்டால் இறுகச் சுற்றிக்கொள்கிறேன்.